உதடு குவியாத உகரம்

பதினோராவது ஆள் வந்தபோது
ஒன்றுமே நடக்கவில்லை.
பிழை என்றுகூடச் சொல்லவில்லை சர்வர்.
வட்டம் மட்டும் சுற்றியது,
சுற்றிக்கொண்டே இருந்தது.

ஜூன் இருபத்து மூன்று, மாலை ஐந்து. எஸ்தோனியாவே
இரவெல்லாம் தீ மூட்டி ஆடத் தீவுக்குக் கிளம்பிவிட்டது.
விர்த்சு துறையில் மூன்று கிலோமீட்டருக்குக் கார்கள்.
கடல் இருக்கிறது, கப்பல் இருக்கிறது,
டிக்கெட் இல்லை.

பர்னு அலுவலகத்தில்
உர்மெத் ஆறாம் தடவை அணைத்து ஏற்றினான்.
கால் மணி நேரம் நல்ல பிள்ளை.
மறுபடி வட்டம்.
"நினைவகத்தைக் கூட்டிப் பாரேன்" என்றான் மேலாளன்,
பல்வலிக்குத் தலையணை மாற்றச் சொல்வதுபோல.

ஐலி லாக்கைத் திறந்தாள்.
ஜாவா தன் குற்றத்தை ஒருநாளும் சுருக்கிச் சொல்லாது.
நானில்லை, என்னைக் கூப்பிட்டவன்;
அவனுமில்லை, அவனைக் கூப்பிட்டவன் என்று
எண்பது வரி கைகாட்டும்.
அவள் அடியிலிருந்து படித்தாள்.

தரவுத்தளத்துக்குப் பத்தே இணைப்புகள்.
சௌனா வாசலில் பத்துத் துண்டு மாதிரி.
துவட்டியவர் திரும்ப மாட்டாமல் போனால்
பதினோராமவர் ஈரத்தோடு நிற்க வேண்டியதுதான்.
பத்தும் கொக்கியில் இல்லை.
எடுத்தவர் பெயர்களை உரக்கப் படித்தாள்:
துனிஸ். உன்னெ. குய்வ். லுஹ்முஸ்.
ஐந்தாவதில் நிறுத்தினாள்.

எல்லாப் பெயரிலும் ஒரே எழுத்து.
ஒரு வட்டம், தலைமேல் ஒரு நெளிவு.
'காட்டு' என்று முடிக்கையில்
உதடு குவியாமல் தேய்கிறதே, ஏறக்குறைய அந்த உகரம்.
நமக்கு அது அரை மாத்திரை.
அவர்களுக்கு முழு உயிர்.

செவ்வாய்க்கிழமை உர்மெத் சேர்த்த பகுதி அது,
துறைமுகத்துப் பழைய அச்சுப்பொறிக்காக.
அதன் எழுத்துப் பட்டியலில் புள்ளி வைத்த உயிர்கள் உண்டு,
நெளிவு வைத்தது கிடையாது.
அந்த எழுத்தில் தடுக்கி, நிரல் பாதியில் விழுந்தது.
துண்டைத் திரும்ப மாட்டும் வரி
அதற்கும் கீழே,
யாரும் வந்து சேராத இடத்தில்.

"சோதித்தேனே! எங்கள் ஊர்ப் பெயர்கள் இருபது போட்டேன்.
மேயெ, யூர்கென்... எல்லாம் அச்சாயிற்று."

"சாரெமா தீவில்
பீரை எப்படிச் சொல்வீர்கள்?"

சொன்னான்.
உதடு குவிந்தது.

ஐலி மேஜையில் தலை கவிழ்ந்து சிரித்தாள்.
அவள் தெற்கத்திக்காரி; அவள் ஊரின் பெயரிலேயே
அந்த எழுத்து உட்கார்ந்திருக்கிறது.
"உன் நிரலும் தீவுக்காரன்தானடா."

அவனும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.
பிறகு மாட்டும் வரியை மேலே இழுத்து,
விழுந்தாலும் மாட்டிவிட்டே விழு என்று கட்டினான்.
எழுத்துக்கு இன்றிரவு நேரமில்லை.
நெளிவுக்குப் பதில் இரண்டு புள்ளி.

ஏழு மணிக்கு வரிசை நகர்ந்தது.
எட்டரைக்கு ஒரே ஒரு புகார், உன்னெ என்பவளிடமிருந்து:
சீட்டில் என் பெயர் தப்பாக இருக்கிறது.

ஐலி பதில் தட்டினாள்:
இறங்கிய பிறகு அங்கே எல்லோரும்
அப்படித்தான் கூப்பிடுவார்கள்.