ரசீது

கர்கர்டூமா கோர்ட்டில் சமரசம் பேசும் அறை.
ஹீட்டரில் ஒரு கம்பிதான் எரிந்தது.
சாமான் பட்டியலில்
வாஷிங் மெஷினுக்கும் பித்தளைக் குடத்துக்கும் நடுவே,
எண் பதினொன்று:
நாய், ஒன்று.

வாங்கிய ரசீது இருக்கிறதா, என்றார் சமரச அம்மாள்.
கிரீஷ் என்னைப் பார்த்தான்.
பதினான்கு மாதத்தில் முதல்முறையாக
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம்.

நாயின் பெயரே அதுதான், மேடம்.
மதர் டெய்ரி பூத்துக்குப் பின்னாலிருந்து வந்த அன்றே
ஃப்ரிட்ஜ் வாங்கிய ரசீதைத் தின்றது.
மூன்று வருஷ வாரண்டி அதன் வயிற்றில் போயிற்று.
அவன் ரசீத் என்பான், நான் ரசீது என்பேன்.
அவன் பவுரி மலைக்காரன், நான் கோவில்பட்டி.
இரண்டு பாஷைக்கும் பொதுவான சொல் கிடைத்தால்
அந்த நாளில் கொண்டாடுவோம்:
வக்கீல், வாய்தா, ஜப்தி, ரசீது.
எல்லாம் எங்கே கொண்டுபோய் விடும் சொற்கள் என்று
அப்போது உறைக்கவில்லை.

யாரிடம் ஒட்டுதல் அதிகம், என்றார்.
தீபாவளி வெடிக்கு அது ஒளிவது என் கட்டிலடியில்.
சொல்லியிருக்கலாம்.
இ-ரிக்ஷா ஏறிப் பின்னங்கால் நசுங்கிய இரவில்
தன் ஸ்வெட்டரைக் கழற்றிச் சுருட்டி
டிசம்பர் பனியில் பனியனோடு ஓடியவன் அவன்.
நான் கதவைப் பூட்ட முயன்றுகொண்டு நின்றேன்,
சாவி துவாரத்தில் இறங்கவேயில்லை.
அதை அவனும் சொல்லவில்லை.

தீர்ப்பு சொன்னது படிக்கட்டு.
பாண்டவ் நகரில் எனக்குக் கிடைத்தது நாலாம் மாடி.
ஐம்பத்தெட்டுப் படி. லிஃப்ட் கிடையாது.
அந்தக் கால் ஆறாவது படியில் மடங்கிவிடும்.
முன்பணம் கொடுத்தபோது இதை நான் எண்ணவில்லை.
அல்லது
எண்ணினேன்.

அவரே வைத்துக்கொள்ளட்டும், என்றேன்.
எண் பதினொன்று முதல் மனுதாரருக்கு, என்று
அம்மாள் எழுதினார். குடம் எனக்கு.

வெளியே குல்ச்சா வண்டியருகே நின்றோம்.
புகைமூட்டத்தில் மெட்ரோ தூண் பாதியோடு நின்றிருந்தது.
கிரீஷ் ஒரு நோட்டீசைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தை நீட்டினான்.
நீ அதனிடம் பேசும் சொற்களை எழுதிக் கொடு.
இந்தி எழுத்தில்.

உட்காரு.
வேண்டாம்.
இரு, வரேன்.
யாரு வந்திருக்கா பாரு.
தொடாதே.
போதும்டா.
எழுத எழுதத் தெரிந்தது,
இவற்றில் பாதி நான் அவனிடம் சொன்னவை.
கோபத்தில் எனக்குத் தமிழ்தான் வரும்.

ஏழாவது சொல்லில் பேனா நின்றது.
பழம்.
அந்த ழ-வை எந்த எழுத்துக்குள் போடுவது என்று
எனக்குத் தெரியவில்லை.
அது மட்டும் தெரியும் எனக்கு, என்றான்.
பளம்.

ஆறு வருஷம் திருத்தியிருக்கிறேன்.
நாக்கை மடி, இன்னும் உள்ளே, இன்னும் கொஞ்சம்.
அன்று திருத்தவில்லை.
ஏழாவது வரியைக் காலியாக விட்டுக் கொடுத்தேன்.
அதை நாலாய் மடித்து
ஏ.டி.எம் கார்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

நேற்று ராத்திரி போன் செய்தான்,
கேஸ் இணைப்பைப் பெயர் மாற்ற ஏதோ நம்பர் வேண்டுமாம்.
பேச்சின் நடுவே வாயைத் தள்ளிவைத்து யாரையோ கூப்பிட்டான்:
பளம்.

மொசைக் தரையில் நகங்கள் வந்தன.
மூன்று கால் வேகமாக,
ஒரு கால் இழுத்துக்கொண்டு,
தப்பான எழுத்தை நோக்கி.

கேட்குதா, என்றான்.

கேஸ் புத்தகம் இரண்டாவது டிராயரில்,
என்றேன்.