நாணயமாற்று

விமான நிலையக் கண்ணாடிக் கூண்டில்
என் பெசோக்களை இருமுறை எண்ணிவிட்டு
வழுவழுப்பான டாலர் தாள்களைத் தந்தார்கள்.
நாணயத்தை மாற்றியாயிற்று.
என் நாணயத்தை
யாரும் மாற்றித் தரவில்லை.

பைசாண்டூவில் பதினெட்டு வருடம்
ஊராருக்குப் பல் செட் செய்து பிழைத்தவள் நான்.
குளிர்பெட்டிக்கு முப்பத்தாறு தவணை,
அக்காவின் அறுவைச் சிகிச்சைக்கு அறுபது.
ஆறு தெருவுக்குள் ஏறிவந்த வாரம்
முழங்கால் நீரில் நடந்து கட்டப் போனேன்.
வங்கி பூட்டியிருந்தது.
வந்து போனதற்குச் சாட்சியாகக்
காவலாளியிடம் ஒரு துண்டுச்சீட்டு எழுதி வாங்கிக்கொண்டேன்.

அந்தச் சீட்டு ஹாலிஃபாக்ஸ் கணினியில் இல்லை.
லாக்லனுக்கு இருபத்து மூன்று வயதிருக்கும்,
கழுத்துப்பட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.
திரையைப் பார்த்து ஆறுதலாகச் சொன்னான்:
"கெட்டது எதுவும் இல்லை, நெல்டா.
நல்லதும் இல்லை.
ஒன்றுமே இல்லை."
நாற்பத்து நான்கு வயதில்
ஒன்றுமே இல்லாதவளாகப் பிறப்பது
அவ்வளவாக வலிக்கவில்லை.
நாற்காலி கொஞ்சம் சுழன்றது, அவ்வளவுதான்.

மூன்று மடிப்புத்தாள்களை மேசையில் விரித்தான்.
முதல் அட்டை விமான மைல்கள் தருமாம்.
இப்போதுதானே ஐயா இறங்கியிருக்கிறேன்.
இரண்டாவது, பெட்ரோலில் நூற்றுக்கு மூன்று திருப்பித் தரும்.
என்னிடம் இருந்த ஒரே வாகனம் குடை,
அதுவும் துறைமுகக் காற்றில் அன்றே மல்லாந்துவிட்டது.
மூன்றாவது:
ஐந்நூறு டாலரை அவர்களிடம் போட்டு வை,
ஐந்நூறு டாலர் வரை கடன் வாங்கிக்கொள்.
"அப்படியானால் அது என் பணம்தானே?"
"ஆமாம்."
"அதை எனக்கே கடனாகத் தருவீர்கள்."
"ஆமாம்."
"நான் எனக்குத் திருப்பிக் கொடுக்காவிட்டால்?"
"வட்டி" என்றான்,
கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டே.

கையெழுத்துப் போட்டேன்.

மாடியில் குடியிருக்கும் பெமிசோலா, இரவுப்பணி செவிலி,
நிலவறையில் துணி உலர்த்தும் இயந்திரத்தின் மேல் சாய்ந்தபடி
சட்டம் சொன்னாள்:
நூற்றைம்பதைத் தாண்டாதே,
அதற்காகச் சும்மாவும் வைத்திராதே,
கெடு நாளுக்கு நான்கு நாள் முன்னால் கட்டிவிடு.
அயல்நாட்டுக் கணக்கில் தேய்த்தால்
நூற்றுக்கு இரண்டரை கூடப் பிடிப்பான்,
பழைய ஊர்ச் செலவுக்குப் பழைய அட்டை.
"கடன் இல்லாதவளை இங்கே யாரும் நம்ப மாட்டார்கள்.
அது புரிய எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.
உனக்கு, இந்தத் துணி காய்வதற்குள்."

கடனே என்று கடன் வாங்கினேன்.
டிசம்பரில் வெங்காயம், உப்பு, ஒரு பனிவாரி.
ஜனவரியில் பேருந்துச் சீட்டு.
பிப்ரவரியில் எதுவும் தேவைப்படவில்லை.
ஆனாலும் பனியில் சறுக்கிச் சறுக்கி
அக்ரிகோலா தெருக் கடைக்குப் போய்
ஓர் எலுமிச்சம்பழம் வாங்கினேன்.
தொண்ணூற்றொன்பது சென்ட்.
கடைக்காரர் அட்டையையும் பழத்தையும்
மாறி மாறிப் பார்த்தார்.
அந்த எலுமிச்சைக்குப் பட்ட கடனை
இருபத்தோராம் தேதி
வட்டிக்கு இடமின்றி அடைத்துத் தீர்த்தேன்.

ஜூலையில் எண் வந்தது.
அறுநூற்று எழுபத்தொன்று.
கோப்பை கழுவிக்கொண்டிருந்தவள்
ஈர விரலால் திரையைத் தொட, அது மறைந்துபோய்
மறுபடி வந்தது, அதே எண்தான்.
யாரிடம் சொல்வது?
பெமிசோலா தூங்கும் நேரம்.
லாக்லனை வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள்.

அப்போது இன்னொரு செய்தி,
பைசாண்டூ வங்கியிலிருந்து:
மதிப்புக்குரிய வாடிக்கையாளரே,
தங்கள் அப்பழுக்கற்ற பதினெட்டு ஆண்டுகளைப் பாராட்டித்
தங்களுக்கென ஒரு பொன் அட்டை ஒதுக்கியுள்ளோம்.
முன்பணம் தேவையில்லை.
கிளைக்கு நேரில் வரவும்.

நேரில்.
வரவும்.

அங்கே இப்போது குளிர்காலம்.
கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு
மீதிக் கோப்பைகளைக் கழுவினேன்.