ஏழரை மடங்கு

தேசிங்கு கொண்டுவந்த முந்நூறு புள்ளிகளும்
நாற்று நட்டதுபோல் நின்றன,
ஒன்றையொன்று இடிக்காமல்,
ரேஷன் கடை வரிசையில் பார்க்க முடியாத மரியாதையோடு.

கத்திரி வெயில். நூற்றெட்டு டிகிரி.
போன் எங்கே குலுக்கிப் போடுகிறதோ அங்கே போய்
முதல் கதவைத் தட்டி
எத்தனை பேர், எந்தக் குழாய், எத்தனை நாள் இருமல்
என்று கேட்க வேண்டும்.
அவன் கொணவட்டத்தில்
ஒரு ஜூஸ் கடை மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து
வரைபடத்தைத் தட்டியிருக்கிறான், விரலால்.

எப்படிக் கண்டுபிடிச்சீங்க என்றான்.

குருட்டு வாய்ப்புக்கு இவ்வளவு ஒழுங்கு கிடையாது, தேசிங்கு.
மற்றவர்களுடையதைப் பார்.
ஒன்று கோட்டை அகழியில், தண்ணீர் நடுவே.
ஒன்று காட்பாடி தண்டவாளத்தில்.
ஒன்று பாலாற்று மணலில்: தட்டக் கதவில்லை,
லாரித் தடம் மட்டும்.
சைதாப்பேட்டையில் இரண்டு, நாலே மீட்டர் தள்ளி,
ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்.
அமுலு இரண்டு வீட்டிலும் கேட்டு
இரண்டு வீட்டிலும் மோர் குடித்துவிட்டு வந்தாள்.
கல்யாணத்தில் எறியும் அட்சதை இப்படித்தான் விழும்,
பெண் தலையில் ஒரு கொத்து,
மாப்பிள்ளை தோளில் ஒன்றுமில்லை.
உன்னுடையதில் மிக நெருங்கிய ஜோடியே
இருநூறு மீட்டர்.
அங்கேதான் மாட்டிக்கொண்டாய்.

அவன் தலை குனியவில்லை.
"யாரையும் வுட்றக் கூடாதுன்னுதான் மேடம்
அளந்து அளந்து வெச்சேன்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை.
தேற்றம் இருந்தது.

ஆயிரத்து எண்ணூறு புள்ளிகளை ஊர்மேல் எறிந்தால்
புள்ளிக்கு இவ்வளவு நிலம் என்று ஒரு பங்கு வரும்.
ஒரு புள்ளிகூட விழாத ஆகப்பெரிய வட்டம்
அந்தப் பங்கைப்போல் ஏறக்குறைய ஏழரை மடங்கு.
ஏழரை!
சனிப்பெயர்ச்சிக்கு ஒரு விளக்கும் ஏற்றாத நான்
திரையைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.
சரி, பத்து மடங்கு ஆள் அனுப்பு,
பதினெட்டாயிரம் எறி.
பங்கு பத்தில் ஒன்றாகும்.
ஓட்டையும் சுருங்கும், ஆனால் மனசில்லாமல்.
இப்போது அது பங்கைப்போல் பத்து மடங்கு.
மடக்கை என்று பள்ளியில் படித்தது.
மடக்கிய கையேதான்.
கோடி கொட்டினாலும் ஒரு விரல், இரண்டு விரல் விரிக்கும்.
விரிப்பதை மட்டும் நிறுத்தாது.

இது தரையில் நடக்கிற கணக்கு.
எங்கள் படிவத்தில் இருபத்து நான்கு கேள்விகள்,
இருபத்து நான்கு திசைகள்.
வயது ஒரு பக்கம் இழுக்கும், கூலி ஒரு பக்கம்,
சர்க்கரை, கடன், கழிப்பறை, பிறந்து இறந்தவை.
அந்த வெளியில்
ஒரே சுவரைப் பகிர்ந்த பேநசீரும் குப்பம்மாவும்
ஒருவரையொருவர் கூப்பிட்டால் கேட்காது.
அடுத்த வீடும் அரியூரும்
ஏறக்குறைய ஒரே தூரம்.
எல்லோரும் ஓரத்தில். நடுவில் யாருமில்லை.

தேசிங்கின் முந்நூறையும் நீக்கினேன்.
காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்:
மிகவும் சீராக உள்ளன.
மறுபடி எறிந்தபோது
பெரிய ஓட்டை ஓட்டேரிக்கு அப்பால் விழுந்தது,
மலையடியில், நாற்பது தகரக் கூரைகள்மேல்.
யாரும் சதி செய்யவில்லை.
இரக்கப்பட்டு ஒரு புள்ளியை நகர்த்தினால்
நானும் ஜூஸ் கடைக்காரிதான்.
திரையை அவன் என் தோளுக்குப் பின்னாலிருந்து
பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் இரவு வந்தான்.
கழுத்தெல்லாம் வேர்க்குரு.
கையில் மின்கட்டண ரசீதுகளின் பின்பக்கம்,
பேனா மாறி மாறி எழுதியது.
"கணக்குல சேராதுன்னு தெரியும் மேடம்."

சேராது.
ஓட்டை என்று தெரிந்து போனவன்
குருட்டுத்தனத்தைக் கெடுத்துவிட்டவன்.
மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.
முதல் வீடு: நாலு பேர்.
குழாய் இல்லை.
இருமல் பதினோரு நாள்.