ஏணிச் சீட்டு

ஒமாஹாவில் ஆலங்கட்டி பெய்தால்
வீட்டுக்காரர்கள் வானத்தைத் திட்டுவார்கள்,
எங்கள் ஆட்கள் ஆணிப்பெட்டியைத் தேடுவார்கள்.
பொத்துப்போன ஒவ்வொரு கூரையும்
யாரோ ஒருவரின் வீட்டு வாடகை.

அந்த வாரம் நகரத்தில் பாதி உடைந்து கிடந்தது.
ஞாயிறு பூசை முடிந்தபின்
மாதா கோயில் நிலவறையில் இருபத்துமூன்று பேர்.
காப்பி, பன் எல்லாம் கம்பெனிச் செலவு.
என் சம்பளமும்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

போன முறை கொண்டுபோனது
அறுபத்துநான்கு திரைப்படங்கள்.
ஆங்கிலத்தில் பிறந்து
ஸ்பானிய மொழிக்குக் காதைப் பிடித்து இழுத்துவரப்பட்டவை.
அவற்றில் ஒரு வெள்ளைக்காரர்
கசங்காத சட்டையில், இடுப்பில் பட்டை கட்டி,
சிரித்துக்கொண்டே நின்றார்.
ஜூலை மாதக் கூரையில் சிரிக்கிற மனிதனை
இவர்கள் யாரும் பார்த்ததில்லை.
பத்தாவது படத்தில் ஃபிடென்சியோ குறட்டை விட்டார்.
கடைசியில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.
காகிதத்தின்படி எல்லோரும் பத்திரம்.

ஆறாவது வாரம் கிரெசென்சியோ விழுந்தான்.
அவன் கையெழுத்து இன்னும் என் கோப்பில் இருக்கிறது,
முதல் எழுத்துக்கு மட்டும் நீளமாக ஒரு வால்.

இந்த முறை லொத்தெரியாச் சீட்டுக்கட்டு.
சேவல், நிலா, மரணம், ஏணி.
கூவுகிறவர் ஒரு சீட்டை உருவி விடுகதை வீசுவார்,
உன் அட்டையில் அந்தப் படம் இருந்தால்
மொச்சைக்கொட்டை ஒன்று வை,
வரிசை நிறைந்தால் கத்து.
இரண்டு இரவு உட்கார்ந்து படங்களை மாற்றினேன்.
நிலா இருந்த இடத்தில் தலை பிளக்கும் வெயில்,
சேவல் இருந்த இடத்தில் மின்கம்பி.
மரணத்தை மட்டும் உருவி
என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.
ஏணியை மாற்றவில்லை.
அது ஆதியிலிருந்தே அந்தக் கட்டில்தான் இருக்கிறது.

“நாலடி உயர்ந்தால் ஓரடி விலகுவாள்,
ஒட்டி நின்றாலோ உருட்டி விடுவாள்!”
ஏணி என்று அதிர்ந்தது நிலவறை.

அடுத்ததை வென்செஸ்லாவோ பிடுங்கிக்கொண்டார்.
“இடுப்பை இறுக்கும், தொடையை அறுக்கும்,
விழும்போது மட்டும் முத்தம் கொடுக்கும்!”
பட்டை, பட்டை என்று மேசையைத் தட்டினார்கள்.
ஃபிடென்சியோ தூங்கவில்லை.
கொட்டைகளைத் திருடினார்.

மூலையில் இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை.
குவாத்தமாலா மலைக்காரர்கள்,
வீட்டில் மாம் மொழி பேசுகிறவர்கள்.
நான் தாய்மொழி என்று நீட்டிய ஸ்பானியம்
அவர்களுக்கு இரவல் சட்டை.
இது எனக்கு அன்றுதான் உறைத்தது,
நாலு வருடம் பாடம் நடத்திய பிறகு.

இருவரில் இளையவன், பெயர் எவெலார்தோ,
கட்டை வாங்கி முழுக்கப் புரட்டினான்.
ஒன்று குறைகிறது என்று விரலைக் காட்டினான்.
பைக்குள் இருந்த மரணம் என் முதுகில் குத்தியது.
அவன் கேட்டது அதை அல்ல.
வெற்றுச் சீட்டை வாங்கிப் பென்சிலால் வரைந்தான்,
ஒரு லாரி,
கதவு திறந்தபடி,
உள்ளே ஆளில்லை,
பின்னால் புகை.

யாரும் விடுகதை சொல்லவில்லை.
தேவைப்படவில்லை.
விடியற்காலையில் கங்காணி வண்டியை அணைக்காமல் நிறுத்துவார்.
அந்த உறுமல் ஓயுமுன் அடுத்த வீட்டுக்குப் போயாக வேண்டும்.
பட்டையைக் கட்டி அவிழ்க்கும் நேரத்தில்
மூன்று வரிசை ஓடு அடிக்கலாம் என்பார்.
ஒருவர் தன் அட்டையின் ஓரத்தில்,
படமே இல்லாத இடத்தில்,
ஒரு கொட்டையை வைத்தார்.
பிறகு இன்னொருவர்.
கம்பெனிக் காப்பி என் தொண்டையில் நின்றது.

அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை.
‘கற்றோர்: 23’ என்று எழுதி அனுப்பினேன்.

திங்கள் காலை அந்தத் தெரு வழியாகப் போனேன்.
கூரையில் ஏழு பேர்.
நாலு பேர் கட்டியிருந்தார்கள்.
எண்ணிப் பார்த்தேன், மறுபடி எண்ணினேன், நாலுதான்.
கீழே லாரி உறுமிக்கொண்டிருந்தது.

உள்ளே கை விட்டுச் சாவியைத் திருப்பினேன்.

சுத்தியல்கள் ஒரு கணம் நின்றன.
வீட்டுக்குப் பின்னாலிருந்து கங்காணி வந்துகொண்டிருந்தார்.
நான் என்ன சொல்வதென்று இன்னும் யோசிக்கவில்லை.
சாவி கையில் சூடாக இருந்தது.