செலவினத் தலைப்பு

கோப்பு தோட்டக்கலைத் துறைக்குப் போய்
பதினோரு நாள் கழித்துத் திரும்பியது.
குருத்தணு என்றிருந்ததை
வாழைக்குருத்து என்று நினைத்திருக்கிறார்கள்.
ஒச்சப்பன் அண்ணன் அதை இடக்கண்ணருகே பிடித்து
எண்ணைச் சரிபார்த்து என் மேசையில் வைத்தார்.

உள்ளே தணிக்கைக் குறிப்பு:
"திரவ நைட்ரஜன் ஞாயிற்றுக்கிழமைகளிலும்
நிரப்பப்பட்டதன் அவசியம் விளக்கப்படவில்லை."

விளக்க வேண்டியவள் நான். நிதிப்பிரிவு, மூன்றாம் மேசை,
சன்னலில் நாகமலையின் ஒரு துண்டு.
மூன்றாம் தவணை மார்ச்சுக்குள் வராவிட்டால்
திட்டம் முடிந்ததாகக் கருதப்படும்.
முனைவர் சலோமி நேற்று மாடியேறி வந்தார்.
"கண்ணுக்குப் பின்னால ஒரு படலம், அத வளர்க்கத்தான்."
இந்த ஊரில் கண் என்றால் அதற்கு மேல் சொல்ல வேண்டாம்.
கைமாற்று கேட்க வந்தவர் போல
கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கிப் போனார்.

அவருக்குத் தெரியாது,
கே.கே. நகரில் ஓர் உருளைக்குள்
எனக்கும் தவமணிக்குமாக மூன்று இருப்பது.
நான்காவதாக இருந்தது
இப்போது இரண்டாம் வகுப்பில்
ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கி நிற்கிறாள்.

ஆவணிதோறும் ரசீது வரும்,
பாதுகாப்புக் கட்டணம், ஜிஎஸ்டி தனி.
இந்த வருடம் கூடவே ஒரு படிவம்:
தொடர்ந்து வைத்திருக்க,
அப்புறப்படுத்த,
ஆராய்ச்சிக்கு அளிக்க.
வண்டிக் கடன் முடியட்டும், பார்க்கலாம் என்கிறார் தவமணி.
காளவாசல் சிக்னலில் பஸ் நிற்கும்போதெல்லாம்
எனக்குள் ஒரே கேள்வி,
மூன்றா, மூவரா?
இலக்கணம் இதற்கு இரண்டு திணை வைத்திருக்கிறது.
படிவத்தில் "எண்ணிக்கை" என்று மட்டும்.

அரசுப் பணம் என்கிறார்கள்.
தீப்பெட்டிக்கு ஒச்சப்பன் அண்ணன் கட்டிய வரியும்
அதில் கிடக்கிறது.
அந்தப் பணத்தை நம்பி நான் கொடுத்து,
தவணை நின்றுபோனால்
ஞாயிற்றுக்கிழமை யார் வந்து நிரப்புவார்கள்?

நாலரை மணிக்கு விளக்கம் எழுதினேன்:
"நைட்ரஜன் விடுமுறை நாட்களிலும் ஆவியாகும்.
பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது."
முத்திரை குத்தும்போது கை கொஞ்சம் அழுந்திவிட்டது.

என் படிவம் கைப்பையில்,
டிபன் பாக்ஸுக்கு அடியில்.
மோர் கசிந்து ஒரு மூலை ஊறியிருக்கிறது.
மூன்றாவது கட்டத்தில் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்.
பென்சிலில்தான்.