காற்றோட்டை

ஊட்டி விடுதியின் வரவேற்பறையில் ஒரு கடல்,
ஆயிரத்து இருநூறு லிட்டர்.
உப்பு மேட்டுப்பாளையத்திலிருந்து மூட்டையில் ஏறி வந்தது.
தண்ணீர் இங்கத்திய மழை.

சீப்புப் பல்லிடை வழிந்து
கீழ்த்தொட்டிக்கு இறங்கும்.
மோட்டார் மறுபடி மேலே தள்ளும்.
இறங்குவதற்குக் கரண்ட் பில் கிடையாது,
ஏறுவதற்குத்தான்.

ஜனவரியில் ஒரு சவுக்கு மரம் கம்பிமேல் சாய்ந்து
இரவு ஒன்றரைக்கு எல்லாம் அணைந்தது.
ஏற்றிய குழாயே
இறக்கத் தொடங்கிவிட்டது.

இதற்கென்றே நீர்மட்டத்துக்கு ஓரங்குலம் கீழே
ஓட்டை போட்டிருந்தேன், மூன்று மில்லிமீட்டர்:
மட்டம் தாழ்ந்தால் காற்று நுழையும்,
இழுத்துக்கொண்டிருந்ததைக் குழாய் மறந்துவிடும்.

அதன்மேல் ஒரு நத்தை
உட்கார்ந்திருந்தது.

விடியும்போது பாதிக் கடல் தரையில்.
மீதிப் பாதியில் கோமாளி மீன் இரண்டும்
முதுகு நனைந்தால் போதும் என்பதுபோல்.

மூன்றாம் நாள் தரை காய்ந்தது.
மேனேஜர் ஹாலன், இந்த ஊர்ப் பனியில் பிறந்தவர்,
கதவோரம் நின்று கேட்டார்:
"செபஸ்தியான், உள்ளேயுமா உறைபனி?"
விரலில் தொட்டு நாக்கில் வைத்துக் காட்டினேன்.
அவரும் வைத்துப் பார்த்தார்.
கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

இப்போது ஓட்டை இரண்டு.
நத்தை ஒன்றுதான்,
இதுவரை.