ஈரப்பதம் முப்பத்தெட்டு

காலையில் முதல் வேலையாக
ஒன்பது வீடுகளுக்குப் போன் செய்தேன்:
இன்று சரிவில் தீ வைக்கிறோம்,
புகை வரும், பயப்பட வேண்டாம்.
எட்டு வீடுகள் சரி என்றன.
ஒன்பதாவது ஓமா ஸ்டாம்பர்.
கொடியில் போர்வை காய்கிறது,
மதியம்வரை பொறு என்றாள்.
பொறுத்தோம். அதற்குள் காற்றும்
எங்களுக்கு வேண்டிய தென்மேற்காகத் திரும்பியிருந்தது.

கென்டக்கியின் கிழக்கு மலைகளில்
இந்தச் சரிவுக்குப் பெயர் கிடையாது.
வரைபடத்தில் பதினான்காம் பகுதி.
மேலே நூற்றைம்பது வயது வெள்ளை ஓக்குகள்.
கீழே அவற்றின் பிள்ளைகள் எல்லாம் விரல் உயரம்,
முழங்காலைத் தாண்டியது ஒன்றுகூட இல்லை.
எண்பது வருடம் ஒரு பொறி விழாமல் காத்தோம்.
காத்த இடத்தில் மேப்பிள் வந்து கூட்டம் போட்டது,
நிழலில் முளைத்து, நிழலைத் தின்று,
மிச்சத்தையும் நிழலாகவே தருகிற மரம்.

குனிந்து இலையைப் பார்த்தால் போதும்.
மேப்பிள் இலை நனைந்த செய்தித்தாள் மாதிரி
ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துவிடும், பற்றாது.
ஓக் இலை காயக் காயச் சுருளும்,
பொரித்த அப்பளம் போல மேடு தட்டி
அடியில் காற்றுக்கு இடம் விட்டு நிற்கும்.
எரியத் தெரிந்த இலை.

மணி ஒன்றரை. ஈரப்பதம் முப்பத்தெட்டு.
டெல்ஃபா ஃபுகேட் படிவத்தில் கையெழுத்திட்டுத்
தலையை மட்டும் அசைத்தாள்.
முகட்டில் தொடங்கினோம்.
பந்தத்தின் மூக்கிலிருந்து டீசலும் பெட்ரோலுமாகத்
தீ சொட்டுச் சொட்டாக விழுந்தது.

நெருப்பு என்றால் வாய் வெந்துவிடாதுதான்.
ஆனாலும் சரிவில் நாங்கள் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை.
எரிந்தது கறுப்பு. எரியாதது பச்சை.
கறுப்பில் நில் என்று கத்தினால்
உயிரோடு இரு என்று பொருள்.

காற்றை எதிர்த்து, கணுக்கால் உயரத்தில்,
எதையோ தொலைத்தவனைப் போல
மெதுவாக இறங்கியது அது.
பெரிய ஓக்குகளின் பட்டையை முகர்ந்துவிட்டு விலகியது.
மேப்பிள் கன்றுகளின் தோல்
என் மணிக்கட்டின் உள்பக்கத்தை விட மெல்லிசு.
அங்கேதான் கொஞ்சம் நின்றது.

மூன்றே காலுக்கு ஒரு பட்டமரம் உச்சியில் பற்றி
எல்லைக்கோட்டுக்கு வெளியே மூன்று பொறிகளைத் துப்பியது.
இரண்டை ரேஃபோர்ட் மிதித்தே அணைத்தான்.
மூன்றாவதை அரைமணி தேடினோம்.

மாலையில் கையுறையைக் கழற்றி
புறங்கையால் சாம்பலைத் தடவிக்கொண்டே நடந்தோம்,
உள்ளே சூடு இருக்கிறதா என்று.
ஓடைக்கு நாலடி மேலே ஒரு பெட்டி ஆமை.
ஓட்டின் மஞ்சள் கோடுகள் பழுப்பேறியிருந்தன.
போன வாரம் அது மண்ணுக்குள் இருந்திருக்கும்.
எங்களுக்கு நல்ல நாள் என்று காட்டிய அதே வெயில்தான்
அதையும் வெளியே வா என்றிருக்கிறது.
படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
டெல்ஃபா ஓரத்தில் எழுதினாள்: ஆமை, ஒன்று.
திரும்பும் வழி முழுக்க வண்டியில் யாரும் பேசவில்லை.

ஜூனில் தனியாகப் போனேன்.
மேப்பிள் பாதி செத்திருந்தது,
பாதி அடியிலிருந்து மறுபடி துளிர்த்துச் சிரித்தது.
ஒரு தடவையில் முடிகிற வேலை இல்லை இது.
தரையோடு கருகிப்போன ஓக் ஒன்றின் பக்கத்தில்
விரலால் தோண்டினேன்.
விரல் உயரச் செடிக்கு முழ நீள வேர்.
இத்தனை காலமும் நிழலில் அது
கீழ்நோக்கித்தான் வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது.
கழுத்தில் இரண்டு துளிர், செம்பு நிறம்,
அவற்றின் மேல் நேரடி வெயில்.
மண்ணை மூடி அழுத்திவிட்டு
வளையத்தைத் தரையில் போட்டு எண்ணினேன். பதினொன்று.
நம்பாமல் மறுபடி எண்ணினேன். பத்து.
பத்து என்றே எழுதினேன்.

ஓமா ஸ்டாம்பர் வேலியோரம் நின்றிருந்தாள்.
ஜன்னல் திரையில் இன்னும் புகை நாற்றம் என்றாள்.
அடுத்தது எப்போது?
மூன்று வருடத்தில்.
நான் துவைப்பது வியாழன், குறித்துக்கொள்.
நோட்டைத் திறந்தேன்.
பத்துக்குக் கீழே எழுதினேன்: வியாழன்.